பவுனுக்குப் போட்ட ஊசி

செப்டம்பர் 14, சனி

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், நீங்கள் யாராக இருந்தாலும் சரி, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். அம்மாவிடம் கட்டாயம் காட்டாதீர்கள். படிக்காமலேயே எடுத்த இடத்தில், புண்ணாக்கு மூட்டைச் சந்தில் திரும்பச் செருகிவிட்டால் இன்னும் நல்லது. யாரும் படிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. உள்ளே வைத்திருந்தால் சோறு இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்றைக்குப் பவுனுக்குக் கோமாரி ஊசி போட்டாயிற்று. போட்டது மாட்டாஸ்பத்திரி பர்வீன் அக்கா. போட வைத்தது நான். அப்பாவுக்குத் தெரியாது.

பவுனு எங்கள் மாடு. வெயிலில் நின்றால் தோல் தங்கம் மாதிரி மின்னும் என்பதால் அந்தப் பெயர். இப்போது எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே மாடு. ஏழு மாதச் சினை.

போன வருடம் இரண்டு மாடு இருந்தது. கருப்பியும் சினையாகத்தான் இருந்தாள். முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நின்றது அம்மா. அப்பா அரை மனதாகக் கயிறு பிடித்தார். அடுத்த வாரமே கருப்பி கன்றை வீசிவிட்டாள். ரோமம்கூட முளைக்காத கன்று. அதை அப்பாதான் வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தார். ஊசியால்தான் போயிற்று என்று அப்பா சொன்னார். ஊசியால் போகாது, வேறு ஏதோ என்று அம்மா சொன்னது. எதனால் போயிற்று என்று யாருக்குமே தெரியாது. கருப்பியைச் சந்தையில் விற்றாயிற்று. அம்மா பெருந்துறைக்கு, அதன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தது. வந்ததிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் நான் இருக்கிறேன்.

"உங்கொம்மாகிட்டச் சொல்லு, சோறு போதும்னு."

"உங்கப்பங்கிட்டச் சொல்லு, சட்டியே காலி, போதும்னு வேற சொல்ல வேண்டீதில்லைன்னு."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்தான் தூரம் இருக்கும். எனக்குச் சில சமயம் சிரிப்பு வரும். பெரும்பாலும் வராது.

இன்று ஊரில் முகாம். கோயில் மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டுவதற்கு முன்பே அப்பா எழுந்து, பவுனை ஓட்டிக்கொண்டு போய் வாய்க்காலுக்கு அக்கட்ட, மறுகரையில், எங்கள் சோளக்காட்டுக்கு நடுவில் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டு ரத்தினா அத்தையையும் கூப்பிட்டார். "ஊசி போட்டா பால் கொறையும் புள்ள. உன்ற மாட்டையும் ஓட்டிட்டு வா." ரத்தினா அத்தைக்குப் புருசன் இல்லை. பால்தான் வரும்படி. அத்தையும் ஓட்டிக்கொண்டு வந்தது. காவலுக்கு என்னை உட்கார வைத்தார்கள். "பரீச்சைக்குப் படிச்சுட்டே பாத்துக்க அம்முணி. மாடு கத்துச்சுன்னா சோளத்தட்டை அள்ளிப் போடு" என்று சொல்லிவிட்டு அப்பா போனார்.

நான் படிக்கவில்லை. யமுனாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். யமுனா என் வகுப்பு. அவள் ஊரில் கோமாரி வந்திருக்கிறது. அவள் வீட்டுக் கன்றுக்கு வாயில் புண் இல்லை, காலில் புண் இல்லை. தாயிடம் பால் குடித்துக்கொண்டே இருந்ததாம். அப்படியே கால் மடங்கி விழுந்ததாம். எழவில்லை. "கோமாரி கன்னுக்கு நெஞ்சுலயே அடிச்சுருமாம்" என்று சொல்லிவிட்டு யமுனா டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே மூடி வைத்துவிட்டாள்.

மதியம் முகாம் முடிந்து, பர்வீன் அக்கா ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்து வாய்க்கால் தடத்தில் அடுத்த ஊருக்குப் போனார். அப்போது பார்த்துப் பவுனு கத்தினாள். நான் சோளத்தட்டை அள்ளிப் போடவில்லை. ஓடிப்போய் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றுவிட்டேன். என் கால்தான் ஓடியது. நான் முடிவு எதுவும் எடுத்ததாக ஞாபகம் இல்லை.

"மாடு எதுக்குக் காட்டுக்குள்ள நிக்குது?" என்று அக்கா கேட்டார்.

"மேய வந்துச்சுங்க. அப்பாதான் உங்களப் பாத்தா போட்டுறச் சொன்னாருங்க."

"செனையா இருக்குதே. எத்தன மாசம்?"

"ஆறுங்க."

ஏழு ஆகிவிட்டால் கன்று போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆறு என்றேன்.

மூக்கணாங்கயிற்றை நான் பிடித்தேன். கழுத்தில் போட்டார். பவுனு ஒரு துள்ளு துள்ளினாள், கயிறு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அக்கா கை கழுவிக்கொண்டே பேசினார். "செனை மாட்டுக்குப் போட்டா ரெண்டு உசுருக்குப் போட்ட மாதிரி. தாய்க்கு ஒடம்புல எதிர்ப்பு சக்தி ஊறும். அது சீம்பால்ல எறங்கும். கன்னு விழுந்த ஒடனே அந்தப் பாலக் குடிச்சுருச்சுன்னா, கன்னுக்கும் காவல். ஒடனே குடிக்கோணும், தெரிஞ்சுதா? நேரம் போச்சுன்னா கன்னு வவுறு அத எடுத்துக்காது." நான் தலையை ஆட்டினேன். அப்பா வந்துவிடுவாரோ என்று தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மாடு?" ரத்தினா அத்தையின் மாட்டைக் காட்டினார்.

"அது எங்களுது இல்லீங்க."

"அப்ப அவங்களக் கேக்காம போட முடியாது கண்ணு." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது என் அறையில் தாழ்ப்பாள் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பவுனு கன்றை வீசிவிட்டால் அப்பா அம்மாவைத்தான் சொல்வார். அம்மா இந்த முறை பெருந்துறைக்குப் போனால் திரும்பி வராது.


செப்டம்பர் 15, ஞாயிறு

கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறது. காலையில் அம்மா பால் கறக்க உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தது.

"உண்ணி கடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு, உப்பைச் சுட்டுத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தது. அப்பா வருவதற்குள் முடித்துவிட்டது. பிறகு பவுனைச் சுவர்ப் பக்கமாக மாற்றிக் கட்டியது. வீக்கம் சுவரோரம் போய்விட்டது. வெயில் படுகிறதாம், அதனால் மாற்றியதாம். அந்தப் பக்கம்தான் வெயில் அதிகம். அம்மாவுக்கு அவ்வளவு தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். என் உள்ளங்கையையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேங்காய் எண்ணெய் கொடுத்தது.

தப்பித்தேன்.


செப்டம்பர் 17, செவ்வாய்

பால் குறைந்துவிட்டது. அப்பா கேனைத் தூக்கிப் பார்த்தார், இறக்கி வைத்தார், மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"உங்கொம்மாகிட்டக் கேளு, மாடு எதுனால பால ஏத்திக்கிச்சுன்னு."

"உங்கப்பங்கிட்டச் சொல்லு, மூடாக்குப் போட்டிருக்குது, மாட்டுக்கு மந்தமா இருக்கும்னு. வேணும்னா அவரு வந்து கறக்கட்டும்."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. அப்பா அண்ணாந்து பார்த்தார். கேனை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனார்.

நாளை கணக்குப் பரீட்சை. இயற்கணிதம் மண்டையில் ஏறவில்லை. கருப்பி ஊசி போட்ட அடுத்த வாரம்தான் வீசினாள். அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.


செப்டம்பர் 19, வியாழன்

காலையில் பவுனு படுத்திருந்தாள். ஓடிப்போய் எழுப்பினேன். சும்மாதான் படுத்திருந்தாள்.


செப்டம்பர் 22, ஞாயிறு

கன்று உதைக்கிறது. வலது விலாவில் கை வைத்துப் பார்த்தேன். நான் கை வைத்த இடத்தில் ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அப்பா கை. பம்பு செட்டு கிரீஸ் வாசனை. அவரும் தினமும் வைத்துப் பார்க்கிறார் போல.


அக்டோபர் 6, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பவுனுக்குப் பால் வற்ற விட்டாயிற்று. பால் திரும்ப ஏறி, அப்புறம் நாங்களாகவே நிறுத்தியது. கழுத்து வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. இனிமேல் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும்.


அக்டோபர் 28, திங்கள்

அடுப்பில் போடவில்லை. நல்லதாகப் போயிற்று என்று சொல்ல முடியாது.

ரத்தினா அத்தையின் மாட்டுக்குக் கோமாரி. அதற்குப் பால் குடிக்கிற கன்று ஒன்று இருக்கிறது. காலையில் மாடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு, சப்பு சப்பென்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. ஒரு காலைத் தூக்கி உதறுகிறது, வைக்கிறது, உதறுகிறது. குளம்புப் பிளவில் தோல் உரிந்து சிவப்பாக இருக்கிறது. எங்கள் கட்டுத்தரைக்கும் அவர்கள் கட்டுத்தரைக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். எட்டிப் பார்த்தால் மூக்கு மூக்கோடு படும்.

அப்பா பவுனை வீட்டின் இந்தக் கோடிக்கு மாற்றினார். வாசலில் சோப்புச் சோடாத் தண்ணீர் வைத்து, யார் வந்தாலும் காலை நனைத்துவிட்டு வரச் சொன்னார். வேப்பந்தழை கட்டினார். வரட்டியில் வேப்பங்கொட்டை போட்டுப் புகை போட்டார். புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது. பவுனு மட்டும் நிம்மதியாக அசை போட்டாள்.

ஊசி பிடித்திருக்குமா? ஐஸ் பெட்டியில் ஐஸ் மிச்சம் இருந்ததா? வெயிலில் கடைசியாகப் போட்டது எங்கள் மாட்டுக்குத்தான். அக்காவைக் கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.


அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அம்மா பலகாரம் சுடவில்லை. பக்கத்து வீட்டில் மாடு நிற்க முடியாமல் கிடக்கும்போது எண்ணெய்ச் சட்டி வைக்க மனது வரவில்லை என்றது. அப்பா வெடி வாங்கவில்லை, சினை மாடு மிரளும் என்று. இரண்டு பேரும் இதை என்னிடம்தான் சொன்னார்கள். தனித்தனியாக.


நவம்பர் 3, ஞாயிறு

ரத்தினா அத்தையின் கன்று செத்துவிட்டது. யமுனா சொன்ன மாதிரியே. குடித்துக்கொண்டிருந்தது, விழுந்தது.

அப்பா எங்கள் பக்கத்திலிருந்தே சுவருக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போனால் நோய் காலில் ஒட்டிக்கொண்டு பவுனிடம் வந்துவிடும் என்று போகவில்லை. அங்கிருந்தே பேசினார்.

"நாந்தான் புள்ள சோளக்காட்டுல கட்டச் சொன்னேன்."

"நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க. கயித்தப் புடிச்சது என்ற கைதானுங்களே. பால் கொறைஞ்சுரும்னு பாத்தேன். இப்ப ஒரேடியாக் கொறைஞ்சுபோச்சு." அத்தை அழவில்லை. சேலை முந்தியால் மாட்டின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

அப்பா கையைச் சுவரிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தபோது உள்ளங்கை முழுக்க மண் அப்பியிருந்தது. "உங்கொம்மாகிட்டச் சொல்லு, ரத்தினாவுக்குச் சோறு குடுத்தனுப்பச் சொல்லி." அம்மா அதற்கு முன்பே தூக்குப் போசியில் சோறு போட்டுக்கொண்டிருந்தது. சுவர் மேல் வைத்துவிட்டு வந்தோம்.

எனக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அன்றைக்கு ஆறு மாதம் என்று பொய் சொன்ன வாய், இந்த மாடும் எங்களுதுதான் என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். இரண்டாவது ஊசிக்கு அக்கா கையில் மருந்து இருந்தது. நான்தான் சீக்கிரம் போகட்டும் என்று நின்றேன்.

அப்பா கட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுத்தரையிலேயே போட்டுவிட்டார்.


நவம்பர் 6, புதன்

பர்வீன் அக்கா ரத்தினா அத்தையின் மாட்டுக்கு மருந்து போட வந்தார். நான் உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குப் போகாமல் இருந்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் குளியலறைத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த வேலையை முடித்து, பூட்ஸ் கழட்டிக் கழுவி, துணி மாற்றி, எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தூரத்திலிருந்தே பவுனைப் பார்த்தார்.

"வாய் கீய் பாத்தீங்களாண்ணா?"

"தெனமும் வெடிஞ்சதும் நாக்கப் புடிச்சுப் பாக்கறனுங்க. ஒரு கொப்புளம் இல்லீங்க. நம்ம மாரியாத்தா பவுன ஒதுக்கி வச்சிருக்கறா."

"மாரியாத்தா உங்க வீட்டுலயே இருக்கறா போல. அன்னிக்கு உங்க பொண்ணு சோளக்காட்டுல ஸ்கூட்டர மறிச்சு ஊசி போட வச்சுதுங்களே, அதுனால தப்பிச்சுது. ரெண்டு மாசத்துல நல்லா ஊறியிருக்கும்."

நான் தட்டியோடு ஒட்டிக்கொண்டேன்.

ஆனால் அந்த நேரம் பார்த்துக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அக்காவையே பார்த்தார். பிறகு, "டீ குடிக்கறீங்களாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அக்கா வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அப்பா வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றார், பிறகு போய் மோட்டாரை நிறுத்தினார்.

மோட்டார் ஓடும்போது அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. தட்டிக்குப் பின்னால் இருந்த எனக்கே கேட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், அதனால் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சும்மா இருக்க மாட்டார்.


நவம்பர் 7, வியாழன்

அப்பா என்னைக் கூட்டிப் போகப் பள்ளிக்கே டி.வி.எஸ்.ஸில் வந்திருந்தார். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. பேக்கரியில் நிறுத்தித் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை.

"ஏன் அம்முணி, பவுனு கயித்த உன்னால புடிக்க முடியுமா?"

"எதுக்குங்கப்பா?"

"சும்மாதான். மெரண்டுச்சுன்னா என்னையவே இழுத்துட்டுப் போயிரும் அது. கையக் கிழிச்சுரும்."

"முடியாதுங்கப்பா."

"ம்." கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும் கேட்டார். "உனக்குப் பயமா இருந்துச்சா?"

"எப்பங்கப்பா?"

"மாடு மெரண்டா பயமா இருக்குமான்னு கேட்டேன்."

"இருக்குங்கப்பா."

"எனக்கும் இருக்குது" என்றார். கன்று போடும் நேரத்துக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் கேட்டிருப்பார். வேறு எதற்குக் கேட்கப் போகிறார்.


நவம்பர் 12, செவ்வாய்

மடி இறங்கிவிட்டது. வால் அடியில் குழி விழுந்துவிட்டது. இன்றோ நாளையோ என்கிறார்கள். ரத்தினா அத்தையின் மாடு எழுந்து நின்றுவிட்டது, ஆனால் மெலிந்து எலும்பாக இருக்கிறது. ஊரில் இன்னும் நான்கு கட்டுத்தரையில் கோமாரி. சோப்புச் சோடா கடையில் தீர்ந்துவிட்டதாம்.


நவம்பர் 16, சனி

இதை வேகமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

பொழுது சாயும்போது பவுனு கன்று போட்டாள். கால்தான் முதலில் வந்தது, அம்மா பிடித்துக்கொண்டது. அப்பா பவுனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அவ்வளவுதான் சாமி, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்று வழுக்கிக்கொண்டு அம்மா கையில் விழுந்தது.

"உங்கொம்மாகிட்டச் சொல்லு, கெடேரின்னு" என்றார் அப்பா. பெண் கன்று, அம்மாவின் மடியிலேயே கிடந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. முழுசாக, ரோமத்தோடு, கண் திறந்து. நான் கொன்றுவிடவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் வயிற்றில் பசி என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

பவுனு நக்கி விட்டாள். கன்று நான்கு தடவை எழுந்து நான்கு தடவையும் விழுந்து, அப்புறம் நின்றது. தள்ளாடிக்கொண்டே மடியை நோக்கிப் போனது. அப்பா பிடித்து இழுத்து அந்தப் பக்கத் தூணில் கட்டிவிட்டார்.

"நஞ்சு விழுகட்டும். அப்பறந்தான் பால்."

அது எங்கள் பக்கத்துப் பழக்கம். நஞ்சுக்கொடி விழுவதற்கு முன் கன்று மடியில் வாய் வைத்தால் நஞ்சு மேலே ஏறிக்கொள்ளும் என்பார்கள். கருப்பியின் முதல் கன்றுக்கும் அப்படித்தான். ரத்தினா அத்தை வீட்டில், ஊரில், எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். எனக்கும் அது சாதாரணமாகத்தான் பட்டது. கன்று தூணைச் சப்புகிற சத்தம் கேட்கும் வரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சத்தம்.

அப்போதுதான் பர்வீன் அக்கா கை கழுவிக்கொண்டே சொன்னது அப்படியே வந்தது. ஒடனே குடிக்கோணும். நேரம் போச்சுன்னா கன்னு வவுறு அத எடுத்துக்காது.

கன்றுக்கு ஊசி போடவில்லை. கன்றுக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை. பவுனு இரண்டு மாதமாக ஊற வைத்ததெல்லாம் மடியில் இருக்கிறது, நோய் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, கன்று நடுவில் தூணில் கட்டிக் கிடக்கிறது.

"அப்பா, இப்பவே கொஞ்சம் குடுக்கலாங்களா?"

"நஞ்சு விழுகாம எப்படிக் குடுப்பாங்க?"

"குடுத்தா ஒண்ணும் ஆகாதுங்கப்பா. குடுக்கறதுதான் நல்லது."

"யாரு சொன்னாங்க?"

யார் சொன்னது என்று சொன்னால் எப்போது என்று வரும். எப்போது என்றால் எங்கே என்று வரும். சோளக்காடு. ஊசி. ஆறு மாதம். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இருட்டிவிட்டது. நஞ்சு விழவில்லை. கன்று கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிற்று.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோளக்காடு, ஸ்கூட்டர், பொய், சீம்பால், எல்லாம். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தது. நிறுத்தவே இல்லை.

"தெரியும்" என்றது.

"எப்பத் தெரியும்?"

"கழுத்து வீங்குனப்பவே. உண்ணி கடிச்சு எந்த மாட்டுக்கடி எலுமிச்சம்பழமாட்ட வீங்கியிருக்குது? உன்ற கைய வேற பாத்தனே."

"ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லீருவ. சொன்னா எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிரும். அப்பறம் கருப்பிக்கு ஆன மாதிரி ஏதாச்சும் ஆகியிருந்தா…" அரிசித் தண்ணீரைக் கொட்டியது. "சீம்பால் சமாச்சாரம் மெய்யா? அந்தப் புள்ள சொல்லுச்சா?"

"சொன்னாங்கம்மா. உடனே குடிக்கணுமாம்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டது. "நீ உள்ள போய்த் தாப்பாப் போட்டுக்க. ஊசி நாந்தான் போடச் சொன்னேன். கேட்டா அப்படித்தான் சொல்லோணும். உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அம்மா, நீ பெருந்துறைக்குப் போயிருவியா?"

அம்மா அலமாரியிலிருந்து போசியை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விட்டது.

நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் காதை வைத்தால் அரைகுறையாகக் கேட்கிறது. கேட்பதை அப்படியே எழுதுகிறேன், இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அம்மா, "ஏனுங்க" என்றது.

என்னைக் கூப்பிடவில்லை. உங்கப்பங்கிட்டச் சொல்லு என்று சொல்லவில்லை. ஏனுங்க என்றது. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு. மாட்டு மணி மட்டும் ஆடியது.

அம்மா பேசுகிறது. வேகமாக, தாழ்வாக. "நாந்தான்" என்பது கேட்டது. மறுபடியும் "நாந்தானுங்க." நான் கதவைத் திறந்துகொண்டு ஓட வேண்டும். அம்மா இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டும். எழுந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். மாட்டுக் கயிற்றைப் பிடித்த கைதான் இது. இப்போது தாழ்ப்பாளைத் தள்ள முடியவில்லை.

அப்பா பேசுகிறார். சத்தம் போடவில்லை. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை, "மோட்டாரு" என்ற ஒரு வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. இந்த நேரத்தில் எதற்கு மோட்டார்?

அம்மா பேச்சு நின்றுவிட்டது.

இப்போது ஒரு சத்தமும் இல்லை. கன்றுகூடக் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை. விழுந்துவிட்டதா.

இல்லை. வேறு சத்தம். சர்ர் என்று. மறுபடியும் சர்ர். போசியின் அடியில் படுகிற மாதிரி முதலில் டணார் என்றது, இப்போது அந்த டணார் அடங்கிப் பால் மேல் பால் விழுகிற சத்தம். இது அம்மா கறக்கிற வேகம் இல்லை. அப்பா கறக்கிற வேகம்.

காலடி. இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். ஒரு ஆள் காலடி இல்லை, இரண்டு. நான் டார்ச்சை அணைக்க

கதவை இடிக்கிறார்கள். கையால் இல்லை, போசியால். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பெயரைச் சொல்லிக்